அதே நோய், ஐந்தாண்டு மூத்தவர்

ஜாய் மில்ன் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த செவிலியர். பிறவியிலேயே மோப்ப சக்தி கூடுதலாக வாய்த்தவர். கணவர் லெஸ் மயக்க மருந்து மருத்துவர். லெஸ் முப்பது வயதைத் தாண்டிய காலத்தில் அவர் உடம்பில் ஒரு புது வாடை வரத் தொடங்கியது. ஒழுங்காகக் குளிப்பதில்லையா என்று ஜாய் அவரிடம் சண்டைகூடப் போட்டார். சுமார் 12 ஆண்டுகள் கழித்து, 45 வயதில், லெஸ்ஸுக்குப் பார்கின்சன் நோய் என்று தெரிந்தது. அந்த வாடைக்கும் நோய்க்கும் அப்போது யாரும் முடிச்சுப் போடவில்லை. மேலும் பல ஆண்டுகள் போன பிறகு, பார்கின்சன் உள்ளவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றின் கூட்டத்துக்கு இருவரும் போனார்கள். அறைக்குள் நுழைந்த ஜாய் திகைத்துவிட்டார். அங்கிருந்த மற்றவர்களிடமும் அதே வாடை!

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் டிலோ குனாத் 2012-இல் நிகழ்த்திய ஓர் உரையின்போது ஜாய் எழுந்து இதைப் பற்றிக் கேட்டார். ஜாயைச் சோதிக்க 12 பேர் அணிந்த பனியன்கள் கொடுக்கப்பட்டன. ஆறு பேர் நோயாளிகள், ஆறு பேர் நோய் இல்லாதவர்கள். ஆறு நோயாளிகளையும் ஜாய் சரியாகச் சொன்னார். நோய் இல்லாதவர் என்று சேர்க்கப்பட்ட ஒருவரையும் நோயாளி என்றார். அது பிழை என்றே ஆய்வாளர்கள் நினைத்தார்கள். ஓராண்டு முடிவதற்குள் அந்த மனிதருக்கும் பார்கின்சன் என்று உறுதியானது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலிருந்தே நோயைக் கண்டறிய முடியுமா என்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வுகள் இங்கிருந்து கிளைத்தவைதான்.

இந்தக் கதையைப் பலரும் ஒரு மூக்கின் அதிசயமாகச் சொல்கிறார்கள். என் கவனமோ அந்தக் கூட்ட அறையில் நிற்கிறது. ஜாயின் மூக்கு அதற்கு முன்பும் அதே மூக்குதான். ஒரே நோய் உள்ளவர்கள் பலர் ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த வாடைக்குப் பொருள் கிடைத்தது.

ஜேம்ஸ் பார்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817-இல் இந்த நோயைப் பற்றி எழுதிய சிறு நூலில் இடம்பெற்றவர்கள் மொத்தம் ஆறு பேர். அவர்களில் சிலரை அவர் பார்த்தது தெருவில். குனிந்த முதுகு, நடுங்கும் கை, ஓடுவது போன்ற சிற்றடி நடை. அந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் அறிய வழியில்லை. நோயாளிகள் ஒன்றுகூட ஒன்றரை நூற்றாண்டு ஆனது. தன் சகோதரிக்கு இந்த நோய் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த மாலி ஜென்கின்ஸ் என்ற பெண்மணி 1969-இல் பிரிட்டனில் தொடங்கிய சங்கம்தான் இன்று ‘பார்கின்சன்ஸ் யுகே’ என்ற பெரிய அமைப்பாக நிற்கிறது.

முதல் வாரம்

மூளையின் அடிப்பகுதியில் கருநிறத்தில் ஒரு சிறு திட்டு உண்டு. அங்குள்ள நரம்பு செல்கள் சுரக்கும் டோபமைன்தான் நம் அசைவுகளை இழைய வைக்கிறது. அந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிவதே பார்கின்சன். கை நடுக்கமோ மந்தமோ வெளியே தெரியும்போது அவற்றில் ஏறத்தாழ பாதி போயிருக்கும். இதை உறுதிசெய்ய வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. நரம்பியல் மருத்துவர் தன்னிடம் வந்தவரை நடக்கச் சொல்கிறார், விரலையும் கட்டைவிரலையும் தட்டச் சொல்கிறார், மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார், பிறகு பெயரைச் சொல்கிறார். வெளியே வரிசை நீண்டிருக்கிறது. மாத்திரைச் சீட்டோடு அந்த மனிதர் எழுந்து வந்துவிடுகிறார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் வருகின்றன. இன்னும் எத்தனை நாள் வேலைக்குப் போகலாம்? வண்டி ஓட்டலாமா? பிள்ளைகளுக்கும் வருமா? “பொண்ணு கல்யாணம் முடியட்டும், அதுவரை யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க” என்று வீட்டிலேயே ஒரு முடிவும் எடுக்கப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையாக வருவதில்லை என்பதை அந்த வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை. நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-இல், 29 வயதில், நோய் உறுதியானது. அவர் அதை வெளியே சொன்னது 1998-இல். அத்தனை புகழும் வசதியும் இருந்தவருக்கே ஏழு ஆண்டுகள் ஆயின என்றால், நம் தெருவில் இருப்பவர் கையைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு நடப்பதில் வியப்பில்லை.

இந்த வாரத்தில் அவருக்குத் தேவைப்படுபவர் அதே நோயோடு ஐந்தாண்டு வாழ்ந்து, இன்றும் காலையில் நடைப்பயிற்சிக்குப் போய்வரும் ஒருவர். ஆறுதல் சொல்வதற்காக மட்டும் அல்ல. மருத்துவருக்குத் தெரிந்திருந்தும் சொல்ல நேரமில்லாத பலவற்றை இவர் சொல்வார்.

மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள் என்பார். டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்தும், பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றின் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் குடல் சுவரைக் கடக்க ஒரே வாசல்தான். மூளைக்குள் நுழையும் இடத்திலும் அதே நெரிசல். சிலருக்குச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்ட மாத்திரை வேலை செய்யத் தாமதமாவது இதனால்தான். சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் போட்டுக்கொள்வது எத்தனையோ பேருக்கு அந்த நாளையே மாற்றியிருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்றால் என்ன செய்வது என்று மருத்துவரைக் கேளுங்கள் என்பதையும் அவரே சொல்வார்.

எழுத்து எறும்பு போலச் சிறுத்துப்போகிறதா? கோடு போட்ட நோட்டில் எழுதிப் பாருங்கள் என்பார். பழக்கத்தால் தானாக நடக்கும் அசைவுகளைத்தான் இந்த நோய் முதலில் கெடுக்கிறது. கண்ணுக்கு எதிரே ஒரு கோடு இருந்தால், மூளை வேறு பாதையைப் பிடித்துக்கொண்டு அசைவை வரவழைத்துக்கொள்கிறது. பின்னாளில் நிலைப்படி அருகே கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுபவர்களுக்கும் தரையில் ஒட்டிய பட்டைகள் உதவுவது இதே காரணத்தால்தான்.

“ஏன் எப்பப் பாரு உம்முன்னு இருக்கீங்க? என்மேல கோபமா?” என்று மனைவியைக் கேட்க வைக்கும் அந்த முகம் நோயின் வேலை, மனத்தின் வேலை அல்ல என்றும் அவர் சொல்வார். முகத் தசைகள் இறுகுவதால் சிரிப்பு முகத்துக்கு வராமல் போகிறது. இந்த ஒரு செய்தி தெரியாமல் எத்தனை வீடுகளில் பேச்சு நின்றிருக்கும்! அதனால்தான் கணவனோ மனைவியோ உடன் வந்து, இன்னொரு வீட்டுக் கணவனையோ மனைவியையோ சந்திப்பதும் அதே அளவு முக்கியம் என்கிறேன்.

சொல்லக் கூசும் விஷயங்களும் உண்டு. டோபமைனைப் போலவே செயல்படும் சில மருந்துகளால், அடக்க முடியாத சூதாட்ட ஆசை, கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, அளவு மீறிய காம இச்சை போன்றவை சிலருக்கு வருகின்றன. மருந்தின் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் அடங்கிவிடக்கூடியவை இவை. ஆனால் அறுபது வயதில் இப்படி ஆனதே என்று வெட்கப்படும் மனிதர் மருத்துவரிடம் வாயைத் திறப்பதில்லை. “எனக்கும் அப்படி இருந்தது, மருந்துதான் காரணம், போய்ச் சொல்லுங்கள்” என்று ஒரு சக நோயாளி சொன்னால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே காப்பாற்றப்படும்.

நம்பிக்கை என்னும் மருந்து

பிரிட்டனில் ‘முதல் அடிகள்’ என்ற பொருள் தரும் பெயரில், புதிதாக நோய் உறுதியானவர்களுக்காக இரண்டு நாள் பயிற்சி ஒன்று நடத்தப்பட்டது. நடத்தியவர்களே பார்கின்சன் உள்ளவர்கள். இந்த நோயோடு தாங்கள் எப்படி வாழ்கிறோம் என்பதையும், உடற்பயிற்சி ஏன் தேவை என்பதையும் அவர்கள் பேசினார்கள். கலந்துகொண்டவர்களிடம் ஆய்வாளர்கள் பிறகு விரிவாகப் பேசி 2019-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இதே நோயோடு நன்றாக வாழும் ஒருவரை நேரில் பார்த்தது எவ்வளவு பெரிய தெம்பு என்பது அதில் அழுத்தமாக வந்தது.

தெம்பு என்பதை வெறும் மனநிலை என்று ஒதுக்கிவிட முடியாது. கனடாவின் வான்கூவர் நகர ஆய்வாளர்கள் 2001-இல் பார்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்தைக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். மருந்து வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே மூளை டோபமைனைச் சுரந்தது. 2010-இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் சுவையானது. உண்மையான மருந்து கிடைக்க 25, 50, 75, 100 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று நோயாளிகளைப் பிரித்துச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் வெற்று மருந்தையே கொடுத்தார்கள். 75 சதவீதம் என்று கேட்டவர்களிடம் மட்டும் டோபமைன் குறிப்பிடத்தக்க அளவு கூடியது. நிச்சயம் கிடைக்கும் என்று கேட்டவர்களிடம் கூடவில்லை!

நண்பரைச் சந்தித்தால் டோபமைன் ஊறும் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. அதை யாரும் அளக்கவில்லை. ஆனால் இந்த நோயில் எதிர்பார்ப்பும் மருந்தும் தொடும் வேதிப்பொருள் ஒன்றே என்பது அளந்து பார்த்த உண்மை. முழு உத்தரவாதம் தரும் போலி வைத்தியரைவிட, “எனக்கு இது உதவியது, உங்களுக்கும் உதவலாம்” என்று சொல்லும் சக நோயாளியை நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடற்பயிற்சிக்குச் சான்று இன்னும் நேரடியானது. அமெரிக்காவில் இன்னும் மாத்திரை தொடங்காத 128 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இதயத் துடிப்பை உச்ச அளவின் 80 முதல் 85 சதவீதம் வரை ஏற்றும் அளவுக்கு டிரெட்மில்லில் வேகமாக நடந்தவர்களின் அசைவுக் குறைபாட்டு மதிப்பெண் ஆறு மாதத்தில் ஏறக்குறைய அப்படியே நின்றது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு அது 3 புள்ளிக்கு மேல் கூடியிருந்தது. சிக்கல் என்னவென்றால், ஊக்கம் குன்றுவது இந்த நோயின் அறிகுறிகளிலேயே ஒன்று. தனியாக நடக்கச் சொன்னால் மூன்றாம் நாள் நின்றுவிடும். துணை இருந்தால் கதை வேறு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி பார்கின்சன் குழு, மார்க் மாரிஸ் நடனக் குழுவோடு சேர்ந்து 2001-இல் நடன வகுப்பு தொடங்கியது. வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் காலில் செருப்பு மாட்டத்தான் வேண்டும்.

ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை முதல் வாரத்திலேயே சந்திக்க வைத்தால், தன் நாளைய கதி இதுதான் என்று புதியவர் நொறுங்கிப் போகலாம். இந்த நோய் ஆளுக்கு ஆள் வேறு வேகத்தில் நகர்வது. எனவே வயதிலும் நோயின் கட்டத்திலும் நெருங்கியவரையே முதலில் அனுப்ப வேண்டும். சந்திக்கப் போகிறவருக்குக் கேட்கவும் பேசவும் பயிற்சி வேண்டும். மருந்தின் அளவைப் பற்றி ஒருவருக்கொருவர் யோசனை சொல்லவே கூடாது. பூனைக்காலி விதைப் பொடியைப் பரிந்துரைப்பதும் இதில் அடங்கும். அந்த விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. அதைப் பிரித்தெடுத்து 1937-இல் கட்டுரை எழுதியவர்களே நம் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும்தான். ஆனால் பொடியில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு மருந்து என்பது யாருக்கும் தெரியாது. மாத்திரையோடு அது சேர்ந்தால் அளவு எகிறிவிடும்.

குடியை விட்டவர் குடியை விட வருபவருக்குத் துணை நிற்கும் முறை நம் ஊர்களில் பழகிய ஒன்று. அதையே இங்கும் செய்யலாம். நரம்பியல் புறநோயாளிகள் பிரிவில், மருத்துவர் அறைக்கு அடுத்து ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாரம் ஒரு காலை வேளை. இதற்குப் பெரிய நிதி வேண்டாம். அதை மருத்துவத்தின் ஒரு பகுதியாக மருத்துவமனைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் நான்கைந்து ஆண்டுகளாகப் பார்கின்சனோடு வாழ்பவர் இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, புதிதாக வருகிறவர்களிடம் பேச நான் தயாராக இருக்கிறேன் என்று சொல்லி, உங்கள் தொலைபேசி எண்ணை அவர் மேசையில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.