மொபெட் சொல்லும் பாடம்



மனிதனுக்குப் பிறப்பு, வளர்ச்சி, மூப்பு, இறப்பு இருப்பது போல, தொழிற்சாலையில் செய்யும் பொருளுக்கும் உண்டு. அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று நான்கு கட்டங்கள். இதையே 'பொருளின் வாழ்க்கைச் சுழற்சி' என்கிறார்கள். பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கிவிடலாம். ஆனா, ஏறின கோடு ஏன் இறங்குது? நமக்கெல்லாம் தெரிந்த மொபெட்டை வைத்தே பார்ப்போம்.

1972-ல் புனேயிலிருந்து லூனா வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டிலும் 50 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின். வால்வு கிடையாது; பாகங்கள் குறைவு; விலையும் குறைவு. சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதுதான் முதல் வண்டி.

டூ ஸ்ட்ரோக்கில் ஒரு குறை உண்டு. எரிந்த புகை வெளியேறும்போதே புதுக் கலவையும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். பெட்ரோலில் கலக்கும் ஆயிலும் சேர்ந்து புகையும். 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு நல்ல மைலேஜ் கொடுத்தது. அரசின் மாசு விதிகளும் இறுகிக்கொண்டே வந்தன. பெட்ரோல் லூனா சந்தையை விட்டே போய்விட்டது.

ஓசூர் மொபெட் மட்டும் எப்படிப் பிழைத்தது? 2015-ல் 99.7 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்.எல். 100 ஆக வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி அமலானபோது ஃப்யூல் இன்ஜெக்ஷனுக்கு மாறியது. ஆனால் முன்னால் மூட்டை வைக்கும் இடம், கியர் போடத் தேவையில்லாத ஓட்டம் இரண்டையும் மாற்றவில்லை. பால் கேனும் காய்கறி மூட்டையும் ஏற்றுகிறவருக்கு வேண்டியது அதுதானே!

புதுப்பொருள் உருவாக்கத்தின் சூட்சுமம் இதுதான்: தொழில்நுட்பம் சாகும், தேவை சாகாது. எதை மாற்றுவது, எதை விடக்கூடாது என்று தெரிய வேண்டும். 2024-ல் லூனாவே பேட்டரியில் ஓடும் இ-லூனாவாகத் திரும்பி வந்ததும் இதற்குச் சாட்சி.

எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருத்தர், கார்புரேட்டர் ஜெட்டை வாயால ஊதியே சரி பண்ணிடுவார். இப்ப சொல்றார்: "தம்பி, முன்னெல்லாம் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லுவேன். இப்ப வண்டி என்கிட்ட பேச மாட்டேங்குது, ஸ்கேனர்கிட்டதான் பேசுது." இருபது வருஷக் கைப்பழக்கம் அது. பொருள் மாறினால் அதைச் செய்கிற கையும், பழுது பார்க்கிற கையும் மாறியாக வேண்டும்.

நமக்கும் அதே கதைதான். வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார்கள். நாம் வாங்கும் டிப்ளமோவுக்கும் வாழ்க்கைச் சுழற்சி உண்டு. ஒரு இன்ஜினை மனப்பாடம் செய்தால் அந்த இன்ஜினோடு நம் படிப்பும் போய்விடும். எரிதல், வெப்பம், மின்சாரம் ஆகியவற்றின் அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் எந்த வண்டி வந்தாலும் கழற்றிப் பார்க்கலாம்.

வண்டி மாறட்டும் நண்பர்களே, நாமும் மாறுவோம்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்