அழுத்தமானியின் மெல்லிய குழாய்

இன்றைய மகிழுந்துகளில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால், ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையில் சிவப்பு விளக்கு ஒன்று எரியும். எண்ணெய்க் குவளையின் படம் பொறித்த அந்த விளக்கை எரியச் செய்வது மின்சாரம். இயந்திரத்தின் எண்ணெய் ஓட்டுநர் அமரும் இடத்திற்கு வருவதே இல்லை. பல பழைய லாரிகளில் நிலைமை வேறு. அவற்றில் விளக்குக்குப் பதிலாக, எண்களும் முள்ளும் கொண்ட அழுத்தமானி இருந்தது. அந்த முள்ளை அசைத்தது எண்ணெயேதான். ஓடும் இயந்திரத்தின் சூடான எண்ணெய், மெல்லிய உலோகக் குழாய் ஒன்றின் வழியாக ஓட்டுநரின் முழங்காலுக்குச் சற்று மேலே வரை வந்து நின்றது.

அந்தக் குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 1/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். பார்ப்பதற்குக் கம்பி போல இருக்கும். ஆனால், அது உடைந்தால் விளைவு சிறியதன்று. இயந்திரத்திலுள்ள எண்ணெய் விசைக்குழாய்க்கு அந்த உடைப்பு தெரியாது. இயந்திரம் ஓடும்வரை அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உடைந்த இடம் இயந்திரத்தின் பக்கம் இருந்தால், கொதிக்கும் புகைபோக்கியின் மீது எண்ணெய் பீறிட்டுத் தீப்பற்றக்கூடும். ஓட்டுநரின் பக்கம் இருந்தால், சூடான எண்ணெய் அவருடைய காலில் கொட்டும். ஓட்டுநர் கவனிக்காமல் தொடர்ந்து ஓட்டினாலோ, எண்ணெய் முழுவதும் வெளியேறி, இயந்திரத்தின் தாங்கிகள் வறண்டு தேயும். ஆபத்தை அறிவிக்க வந்த கருவியே ஆபத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பழைய லாரிகளைப் புதுப்பிப்பவர்களில் விவரம் அறிந்தவர்கள், வண்டிக்கு வண்ணம் பூசுவதற்கு முன்பே இந்தக் குழாயைக் கவனிப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் 1947 முதல் 1955-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை விற்கப்பட்ட செவ்ரோலே நிறுவனத்தின் ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசை லாரிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவை இன்றும் அங்கு ஆர்வலர்களால் பேணப்பட்டு வருகின்றன. இவற்றின் இயந்திரம் ரப்பர் தாங்கிகளின் மீது அமர்ந்திருப்பதால், ஓடும்போது அதிர்ந்து அசையும். அழுத்தமானியோ ஓட்டுநர் அறையின் தகட்டில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அசைவதையும் அசையாததையும் இணைக்கும் குழாய் ஒவ்வோர் அதிர்விலும் சிறிதளவு வளைந்து நிமிர்கிறது. செம்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் முடிவு தெரியும். முதலில் எளிதாக வளையும் கம்பி, பிறகு விறைத்து, இறுதியில் ஒடிந்துவிடும். எழுபது ஆண்டுகள் அதிர்ந்த ஒரு குழாய் வெளியே பளபளப்பாக இருப்பதை வைத்து அது நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

குழாய் கொண்டுவரும் எண்ணெய் முள்ளை எவ்வாறு அசைக்கிறது? பிரான்சைச் சேர்ந்த பொறியாளர் யூஜீன் போர்டன் 1849-இல் காப்புரிமை பெற்ற ஓர் எளிய அமைப்புதான் அழுத்தமானிக்குள் இருக்கிறது. அது பிறை நிலா போல வளைக்கப்பட்ட, தட்டையான ஓர் உலோகக் குழல். அதன் ஒரு முனை மூடியிருக்கும். மறுமுனை வழியாக அழுத்தம் உள்ளே வரும். அழுத்தம் கூடும்போது வளைந்த குழல் சற்றே நிமிர முயலும். காற்றை ஊதினால் விரிந்து நீளும் திருவிழாக் காகித ஊதியை நினைத்தால் இது எளிதில் விளங்கும். குழலின் மூடிய முனை மிகச் சிறிதளவே நகர்கிறது. அந்த நகர்வைப் பெரிதாக்கி முள்ளுக்குக் கொண்டுசேர்ப்பதற்கான இணைப்புகளும் உள்ளேயே உள்ளன. மின்சாரம் தேவையில்லை, மின்கலம் செத்துப்போனாலும், இயந்திரம் ஓடினால் முள் உண்மையைச் சொல்லும்.

ஆனால், முள் சொல்வதைப் படிக்கவும் தெரிய வேண்டும். இந்த வரிசையின் தொடக்ககால லாரிகளில் இருந்த 216 கன அங்குல இயந்திரத்தின் அழுத்தமானியில், மிக உயர்ந்த எண் 30 மட்டுமே. அதாவது, ஒரு சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு. அந்த இயந்திரத்தில் முதன்மைத் தாங்கிகளுக்குத்தான் எண்ணெய் அழுத்தத்தோடு செல்லும். பிஸ்டன்களை அச்சோடு இணைக்கும் தண்டுகளோ, தம் அடியிலுள்ள சிறு அகப்பைகளால் எண்ணெயை அள்ளிக்கொள்ளும். எனவே, இயந்திரம் சூடேறி மெதுவாக ஓடும்போது முள் மிகவும் கீழே இறங்குவது அதன் இயல்பு. பின்னர் வந்த 235 கன அங்குல இயந்திரத்தில் எல்லாத் தாங்கிகளுக்கும் அழுத்தத்தோடு எண்ணெய் சென்றதால், 60 வரை காட்டும் அழுத்தமானி தேவைப்பட்டது. பழைய வண்டியில் புதிய இயந்திரத்தைப் பொருத்திவிட்டு, 30 வரை காட்டும் அழுத்தமானியை அப்படியே விட்டுவிட்டால், முள் எப்போதும் கடைசி எண்ணில் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் யாருக்கும் பயனில்லை.

குழாயை மாற்ற விரும்புபவர் முதலில் எதனால் ஆன குழாய் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். கடைகளில் நைலான் குழாய் மலிவாகக் கிடைக்கிறது, பொருத்துவதும் எளிது. ஆயினும், புகைபோக்கியின் வெப்பத்தில் அது உருகிவிடக்கூடும் என்பதால், பழைய லாரிக்கு அது ஏற்றதன்று. செம்பு எளிதாக வளையும்; ஆனால், அதிர்வில் விறைக்கும். எஃகு உறுதியானது, கையால் வளைப்பது கடினம். இயந்திரத்தை ஒட்டிய சிறு பகுதிக்கு மட்டும் பின்னல் உறையிட்ட நெகிழ்குழாயைப் பொருத்தி, எஞ்சிய தூரத்திற்கு உலோகக் குழாயை வைப்பது இவற்றுள் சிறந்த வழி. அதிர்வு முழுவதையும் நெகிழ்குழாய் வாங்கிக்கொள்ளும்.

வேலையைத் தொடங்கும் முன்பு இயந்திரம் நன்கு ஆறியிருக்க வேண்டும். மின்கல இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். எண்ணெய்க் குழாய்க்கும் மின்சாரத்திற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். அழுத்தமானிக்குப் பக்கத்திலேயே மின்னோட்டமானி இருக்கிறது. உலோகக் குழாயின் முனை தவறி அதன் இணைப்பில் பட்டால், குழாயும் கம்பிகளும் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். அங்கே மற்றொரு பொறியும் உண்டு. வெப்பமானியிலிருந்தும் இதே போன்ற மெல்லிய குழாய் ஒன்று இயந்திரத்திற்குச் செல்கிறது. அதனுள் இருப்பது எண்ணெய் அன்று, எளிதில் ஆவியாகும் திரவம். இருபுறமும் நிலையாக மூடப்பட்ட அந்தக் குழாயை வெட்டினாலோ மடித்தாலோ, வெப்பமானி அன்றோடு பயனற்றுவிடும். ஆகையால், எந்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

அழுத்தமானியின் பின்புறமுள்ள மரையைக் கழற்றும்போது ஒரு ஸ்பேனர் போதாது. ஒன்றால் அழுத்தமானியின் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் மரையைத் திருக வேண்டும். இல்லையெனில், கழுத்தோடு சேர்ந்து உள்ளிருக்கும் குழலும் முறுகிவிடும். இயந்திரம் நின்றிருக்கும்போது அழுத்தம் இல்லாததால் சில துளி எண்ணெய்தான் சிந்தும். கீழே ஒரு பழந்துணி விரித்தால் போதும். கழற்றிய பழைய குழாயை வளைவு கெடாமல் வெளியே எடுத்து, அதை அளவாக வைத்தே புதிய குழாயை உருவாக்கலாம்.

புதிய குழாயை வெறுங்கையால் மடக்கினால் அது நசுங்கி அடைபட்டுவிடும். உருண்டையான டின் ஒன்றின் மேல் வைத்து, மெல்ல மெல்ல வளைக்க வேண்டும். நெகிழ்குழாய் இல்லாத வண்டிகளில், இயந்திரத்திற்கு அருகில் குழாயை இரண்டு மூன்று சுற்றுகளாகச் சுருட்டி விடுவது வழக்கம். பார்ப்பவர்களுக்கு அது மிச்சமான நீளத்தைச் சுருட்டி வைத்தது போலத் தெரியும். உண்மையில் அந்தச் சுருள் ஒரு வில்லாகச் செயல்படுகிறது. ஓரிடத்தில் விழ வேண்டிய வளைவைச் சுற்றுகள் முழுவதும் பங்கிட்டுக்கொள்வதால், குழாயின் ஆயுள் நீள்கிறது. இயந்திர அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள தகட்டின் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு குழாயை அறுத்துவிடும்.

குழாயை வெட்டிய முனையில் பிசிறு இருக்கக்கூடாது. முதலில் மரையையும் அடுத்துச் சிறிய பித்தளை வளையத்தையும் குழாயில் கோக்க வேண்டும். மரை இறுகும்போது வளையம் குழாயைக் கவ்வி, எண்ணெய் கசியாமல் தடுக்கும். கையால் இறுகும்வரை திருகிவிட்டு, பின்னர் ஸ்பேனரால் ஏறக்குறைய ஒரு சுற்றுத் திருகினால் போதும். இன்னும் வலுவாகத் திருகினால் நல்லது என்று நினைப்பவர்கள்தாம் அதிகமான கசிவுகளை உண்டாக்குகிறார்கள். கசிவைத் தடுக்கும் வெள்ளை நாடாவை இந்த மரையில் சுற்றவே கூடாது. இங்கே கசிவைத் தடுப்பது பித்தளை வளையம். பிய்ந்த நாடாத் துணுக்கு, ஊசித் துளை போன்ற எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

இயந்திரத்தின் பக்கம் இணைத்ததும், மறுமுனையை உடனே அழுத்தமானியில் பொருத்தாமல் ஒரு புட்டிக்குள் விட்டுப் பிடிக்க வேண்டும். மின்கலத்தை மீண்டும் இணைத்து, இயந்திரத்தைச் சில நொடிகள் இயக்கினால், உள்ளே தங்கிய உலோகத்தூள் எண்ணெயோடு வெளியே வந்துவிடும். பிறகு, மின்கல இணைப்பை மறுபடியும் கழற்றிவிட்டே அழுத்தமானியைப் பொருத்த வேண்டும். குழாயில் காற்று இருக்குமே, அதை வெளியேற்ற வேண்டாமா என்று சிலர் கேட்பதுண்டு. நிறுத்துகருவியின் குழாயில் காற்று இருந்தால் ஆபத்து. மிதியின் விசை காற்றை அமுக்குவதிலேயே வீணாகிவிடும். அழுத்தமானிக்கு அந்தக் கவலை இல்லை. அடைபட்ட காற்றும் எண்ணெயின் அதே அழுத்தத்தைத்தான் முள்ளுக்குச் சொல்கிறது. அது மெத்தை போல இருந்து, முள்ளின் நடுக்கத்தையும் குறைக்கும்.

எல்லாம் முடிந்த பின் இயந்திரத்தை இயக்கியதும் முள் எழ வேண்டும். எழாவிட்டால், உடனே நிறுத்திவிட்டுக் குழாயில் அடைப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். முள் எழுந்தால், இரண்டு இணைப்புகளையும் வெள்ளைத் தாளால் ஒற்றி எடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் கறையாகத் தெரியும். முதல் நாள் ஓட்டம் முடிந்து இயந்திரம் ஆறிய பிறகு இதை மறுபடியும் செய்வதோடு, எண்ணெயின் அளவையும் அளவுகோலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய குழாயைத் தூக்கி எறியாமல், வளைவோடு ஒரு சீட்டைக் கட்டிக் கருவிப் பெட்டியில் வைக்கலாம். அடுத்த முறை மாற்றுபவருக்கு அதைவிடச் சரியான அளவு வேறெங்கும் கிடைக்காது.