அயல்நாட்டுச் செலவும் பண அட்டையும்

மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து செல்லும் மாணாக்கர், உடன் கொண்டு செல்லவேண்டிய ஆடை, நூல் முதலியவற்றைப் பற்றிப் பன்முறை ஆராய்கின்றனர். ஆங்குச் செலவிடும் பணத்தை எவ்வுருவில் கொண்டு செல்வது என்பதையோ பயணத்திற்கு முந்தின நாளிலேயே நினைக்கின்றனர். அப்பணமோ பெரும்பாலும் பெற்றோர் நகையை ஈடுவைத்தும், வங்கியிற் கடன்பட்டும் திரட்டியது. பத்து லட்சம் ரூபாயைப் பிறநாட்டு நாணயத்திற் செலவிடும் ஒருவன், மாற்றும்பொழுது நூற்றுக்கு 3 வீதம் இழப்பானாயின், 30,000 ரூபாய் அவன் அறியாமலே கைவிட்டுப் போகும். ஆதலின் இப்பொருளைச் சிறிது ஆராய்வது நன்று.

ஒரு நாணயத்தை மற்றொரு நாணயமாக மாற்றித் தருவோன் பிடித்துக்கொள்ளும் கழிவை நம் முன்னோர் 'வட்டம்' என்று வழங்கினர். இத்தொழில் மிகப் பழையது. எருசலேம் தேவாலயத்து வரிக்குத் தீரு நகரத்து வெள்ளிக் காசே உரியதாயிருந்தது. ஆகவே, தூர தேசங்களிலிருந்து வந்த யாத்திரிகர் தத்தம் நாட்டுக் காசைக் கொடுத்து அதனைப் பெறவேண்டியவராயினர். மாற்றிக் கொடுத்தவர் அதற்கொரு வட்டம் பிடித்தனர். நம் ஆண்டவர் கவிழ்த்த பலகைகள் இக்காசுக்காரருடையனவே.

பணத்தைச் சுமவாது செல்லும் வழியையும் மாந்தர் நெடுநாளாகத் தேடி வந்துள்ளனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் உண்டியல் எழுதி இரங்கூன், பினாங்கு, கொழும்பு முதலிய இடங்களிற் பணம் பெறச் செய்தனர். 1772இல் இலண்டன் மாநகரத்து ராபர்ட் ஹெரீஸ் என்பார், ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் மாற்றத்தக்க சீட்டுகளைப் பயணிகளுக்கு வழங்கத் தொடங்கினார். 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியார் பயணிகள் காசோலையை வெளியிட்டனர். இன்று அக்காசோலை அருகி, அதன் இடத்தை அட்டை பெற்றுவிட்டது. உரு மாறினும் வட்டம் மாறவில்லை. அது கண்ணுக்குத் தோன்றாமல் மறைந்துகொண்டது. அம்மறைவிடத்தை அறிவதே அட்டையைத் தேரும் முறையின் சாரமாகும்.

இக்காலத்தில் இந்தியப் பயணி கொள்ளத்தக்க அட்டைகள் இருவகைப்படும். முதலாவது, நம் வங்கிக் கணக்கிற்குரிய டெபிட் அட்டையும் கிரெடிட் அட்டையும் ஆம். இவற்றிற் பணம் ரூபாயாகவே இருந்து, செலவு செய்யும் வேளையில் மாறுகின்றது. பல வங்கிகள் இம்மாற்றத்திற்கு நூற்றுக்கு 2 முதல் 3.5 வரை கட்டணம் சேர்க்கின்றன. அக்கட்டணத்தின்மேல் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18 வீதம் சேரும். இக்கட்டணம் நீக்கப்பெற்ற அட்டைகளும் சில உள. இரண்டாவது, பவுன், யூரோ, டாலர் முதலியனவாக முன்னரே பணம் நிரப்பிக்கொள்ளும் பாரக்ஸ் அட்டை. நிரப்பிய நாளின் மாற்றுவீதம் இதில் நிலைத்துவிடும். பின்னர் ரூபாயின் மதிப்பு வீழினும் நட்டமில்லை, உயரினும் இலாபமில்லை. மாதச் செலவை முன்கூட்டி வரையறுக்கவேண்டிய மாணாக்கனுக்கு இவ்வுறுதி பெரிதும் உதவும். ஆயின், பவுன் மட்டும் நிரப்பிய அட்டையைப் பாரிஸ் நகரில் யூரோவிற் பயன்படுத்தின், மீண்டும் ஒரு மாற்றுக் கட்டணம் விழும்.

இனி, வட்டம் மறையும் இடத்தைக் காண்போம். கணக்கின் எளிமை கருதி, சந்தையில் ஒரு பவுனின் விலை 100 ரூபாய் என்று கொள்வோம். ஒருவன் 'கட்டணமே இல்லை' என்று கூறிப் பவுனை 104 ரூபாய்க்கு விற்கின்றான். மற்றொருவன் 500 ரூபாய் கட்டணம் கேட்டு, 101 ரூபாய்க்கு விற்கின்றான். 1,000 பவுன் வாங்குவோன் முன்னவனிடம் 1,04,000 ரூபாயும், பின்னவனிடம் 1,01,500 ரூபாயும் கொடுக்கவேண்டும். கட்டணமில்லாதவனிடத்தே 2,500 ரூபாய் மிகுதியாகச் செலவாயிற்று. ஆனால் 100 பவுனே வேண்டுவோனுக்கு முன்னவனிடம் 10,400 ரூபாயும், பின்னவனிடம் 10,600 ரூபாயும் ஆகும். எனவே, கட்டணத்தை மட்டும் நோக்குதலும், மாற்றுவீதத்தை மட்டும் நோக்குதலும் போதா. கொடுக்கும் ரூபாய் மொத்தத்தைக் கைக்கு வரும் பவுன் தொகையால் வகுத்துப் பார்ப்பதே உண்மை விலையைக் காட்டும்.

மற்றொரு மறைவிடம் அயல்நாட்டுக் கடையிலேயே உளது. அட்டையை நீட்டியதும், 'ரூபாயிற் செலுத்துகின்றீரா, பவுனிற் செலுத்துகின்றீரா?' என்று ஆங்குள்ள கருவி வினவும். பழகிய நாணயமாயிற்றே என்று ரூபாயைத் தெரிந்துகொள்வோர் பலர். அங்ஙனம் தெரிந்தால், மாற்றுவீதத்தை வகுப்போர் கடைக்காரரின் பக்கத்தார் ஆவர். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானதே. பவுன் நிரப்பிய அட்டையாயின் பவுன் ரூபாயாகி, ரூபாய் மறுபடியும் பவுனாகி, வட்டம் இருமுறை கழியும். எந்நாட்டில் இருக்கின்றோமோ அந்நாட்டு நாணயத்திலேயே செலுத்துதல் வேண்டும்.

வேறு சிலவும் கருதத்தக்கன. ஏ.டி.எம். பொறியிற் பணம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு; ஆகையாற் சிறுகச் சிறுகப் பன்முறை எடுத்தல் ஆகாது. கிரெடிட் அட்டையாற் பணம் எடுப்பின், அன்று முதலே வட்டி ஏறும். தங்கும் விடுதியார் ஈடாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைப்பதுண்டு. நிரப்பிய அட்டையில் அத்தொகை விடுவிக்கப்படும் வரையில் நமக்குப் பயன்படாது. ரொக்கத்தையே நம்பலாமோ எனின், பெரும்பாலான நாடுகளுக்குச் செல்வோர் ஒரு பயணத்திற்கு 3,000 டாலர் மதிப்புள்ள அயல்நாட்டு நோட்டுகளையே வாங்கலாம் என இந்திய ரிசர்வு வங்கி வரையறுத்துள்ளது. ஓர் அட்டை தொலையினும் பழுதுறினும் கைவிடாதிருக்க, வேறொரு வங்கியின் அட்டையையும் வேறிடத்தில் வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

ஆதலின் அட்டை வாங்கப் புகும் மாணாக்கர், 'கட்டணம் எவ்வளவு?' என்று கேட்பதோடு அமையாது, 'இத்தனை ரூபாய் கொடுத்தால் எத்தனை பவுன் சேரும்? மீதியைத் திருப்பினால் எத்தனை ரூபாய் வரும்?' என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுவாராக. ஈரிடத்தேனும் இங்ஙனம் வினவி ஒப்பிடுதல் ஒரு மணி நேரத்து வேலையே. பெற்றோர் ஆண்டுகள் பல உழைத்துச் சேர்த்த பொருளுக்கு அவ்வொரு மணி நேரத்தைக் கொடுத்தல் மக்களுக்குக் கடனன்றோ?