கொச்சி – துபாய்: நாலு மணி நேரமா, இரண்டரை மணி நேரமா?

மட்டாஞ்சேரியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். விடுப்பில் வருவார்கள். திரும்பிப் போவார்கள். அப்படிப் போகும் ஒருவரின் விமான டிக்கெட்டைப் பார்ப்போம். கொச்சியில் புறப்படும் நேரம் 10.00. துபாய் சேரும் நேரம் 12.30 என்று இருக்கிறது.

கழித்துப் பாருங்கள். இரண்டரை மணி நேரம் வருகிறது. ஆனால் பயணம் ஏறக்குறைய 4 மணி நேரம். மீதி ஒன்றரை மணி நேரம் எங்கே போயிற்று?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இரண்டு ஊர்களுக்கும் நடுவே அரபிக்கடல் இருக்கிறது. வான்வழித் தூரம் சுமார் 2,800 கிலோமீட்டர். டில்லி கூட இவ்வளவு தூரம் இல்லை. கொச்சியிலிருந்து டில்லிக்கு வான்வழியில் சுமார் 2,100 கிலோமீட்டர்தான். அந்தக் காலத்தில் அரபு வணிகர்கள் மிளகு வாங்கப் பாய்மரக் கப்பலில் வந்தார்கள். திரும்பிப் போகக் காற்று திசை மாற வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் இங்கேயே காத்திருந்தார்கள்.

விமானம் மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் பறக்கும். அந்தக் கணக்கில் மூன்றரை மணி நேரம் போதும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையும். அதையும் சேர்த்தால் 4 மணி நேரம். காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

இனி அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வருவோம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அதனால் கிழக்கே இருக்கும் ஊரில் சூரியன் முதலில் உதிக்கும். துபாய் நமக்கு மேற்கே இருக்கிறது. அங்கே பொழுது பின்னால்தான் விடியும். மட்டாஞ்சேரியில் மாலை நோன்பு திறக்கும்போது துபாயில் வெயில் அடிக்கும். ஆகவே துபாய்க் கடிகாரம் நம் கடிகாரத்தை விட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நமக்குப் பகல் 2 மணி என்றால் அங்கே பகல் 12.30.

டிக்கெட்டில் புறப்படும் ஊருக்கு அந்த ஊர் நேரம் போடுவார்கள். சேரும் ஊருக்குச் சேரும் ஊர் நேரம். போகும்போது பயணம் குறைந்தது போல் தோன்றும். வரும்போது நீண்டது போல் தோன்றும். துபாயில் காலை 10 மணிக்குப் புறப்பட்டால் கொச்சியில் 15.30 என்று இருக்கும். அதாவது பிற்பகல் 3.30. பறப்பது என்னவோ அதே 4 மணி நேரம்தான்.

இதைவிடப் பெரிய குழப்பம் நள்ளிரவு விமானத்தில் வருகிறது. டிக்கெட்டில் '15ஆம் தேதி, 01.00' என்று இருக்கிறது. இது 15ஆம் தேதி ராத்திரி அல்ல. 14ஆம் தேதி ராத்திரி 12 மணி கழிந்து ஒரு மணி. விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். அதாவது 14ஆம் தேதி இரவு 10 மணிக்கு.

1999 வரை விமான நிலையம் பக்கத்து வில்லிங்டன் தீவில் இருந்தது. அங்கே பெரிய விமானங்கள் இறங்க முடியாது. அந்த ஆண்டு நெடும்பாசேரியில் புதிய நிலையம் வந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். எறணாகுளம் நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும். எனவே 14ஆம் தேதி இரவு 8 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தின இரவே போயிருக்கும். டிக்கெட் பணம் போகும். விடுப்பு முடிகிற நாள் என்றால் வேலைக்கும் ஆபத்து.