தொலைபேசிக்கு உங்கள் வீடு தெரியுமா?

எமது சஞ்சிகை அலுவலகம் ஸ்காபுறோவிலிருந்து மார்க்கத்துக்கு மாறிய வாரம் தொலைபேசி வேலை செய்யவில்லை. மேசை, கதிரை, பழைய இதழ்க் கட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. தொலைபேசி இணைப்பகமாக வேலை செய்யும் சின்னக் கணினியும் வந்துவிட்டது. ஆனால் யார் அழைத்தாலும் மணி அடிக்காமலே அழைப்பு அறுந்துபோனது.

அந்தக் கணினியில் ஓடுவது அஸ்ரறிஸ்க் என்னும் மென்பொருள். மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் 1999இல் எழுதத் தொடங்கியது, இலவசமாகக் கிடைப்பது. எமது அலுவலகத்தில் அழைப்பு வந்ததும் அது ஒரு தரவுத்தளத்திடம் கேட்கும்: இந்த இலக்கம் யாருடையது, எந்த மேசையில் மணி அடிக்க வேண்டும், ஆளில்லாவிட்டால் எங்கே அனுப்புவது? தொலைபேசிக் கணினியை வாசலில் இருக்கும் வரவேற்பாளர் என்று வைத்துக்கொண்டால், தரவுத்தளம் அவர் புரட்டிப் பார்க்கும் பதிவேடு. அந்தப் பதிவேடு எந்த அறையில், எந்த அலுமாரியில் இருக்கிறது, திறப்பு எது என்று சொல்லிவைப்பதுதான் 'தரவுத்தள இணைப்பு'.

இரண்டுக்கும் நடுவே ஓ.டி.பி.சி. என்ற பொதுப் பாலம் உண்டு. தரவுத்தளம் இருக்கும் கணினியின் வலையமைப்பு முகவரி பாலத்தின் கோப்பில் இருக்கும். இணைப்பின் பெயர், கடவுச்சொல், ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் திறக்கலாம் என்பவை அஸ்ரறிஸ்க்கின் கோப்பில் இருக்கும். அந்தக் கடைசி எண்ணை 1 என்று விட்டால், சனிக்கிழமை மரக்கறிக் கடையில் ஒரேயொரு காசாளர் நிற்பது மாதிரித்தான்.

புதிய இடத்தில் எமது தரவுத்தளக் கணினிக்குப் புதிய முகவரி கிடைத்திருந்தது. கோப்பிலோ பழைய முகவரி. கல்லூரியில் கணினி படிக்கும் தம்பி ஒருவர் வந்தார். அஸ்ரறிஸ்க்கைத் தொடாமல், முதலில் பாலத்தை மட்டும் தனியே சோதித்துப் பார்த்தார். பிழை அங்கேயே பிடிபட்டது. ஒரு வரியை மாற்றினார், மணி அடித்தது. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுச் சப்பாத்தை மாட்டும்போது கேட்டார்: "அண்ணை, 911க்கு இந்த அட்ரஸ் குடுத்தனீங்களோ?"

நாம் கொடுத்திருக்கவில்லை.

சுவரில் பூட்டிய பழைய தொலைபேசியில் இந்தத் தொல்லை இல்லை. கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். 911ஐ அழுத்தினால் முகவரி தானாகவே அவர்களின் திரையில் தெரியும். செல்போன் கோபுரங்களையும் ஜி.பி.எஸ்.ஸையும் கொண்டு ஏறக்குறைய இடத்தைக் காட்டும். இன்ரநெற் தொலைபேசி அப்படியல்ல. அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்றி எந்த வீட்டில் மாட்டினாலும் அதே இலக்கம் வேலை செய்யும். அதனால் அநேகமாக அழைப்பு முதலில் ஓர் இடைநிலையத்துக்குப் போகும். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டுத்தான் அங்கே மாற்றிவிடுவார்கள். பேச முடியாவிட்டால் அவர்களிடம் மிஞ்சுவது நீங்கள் கடைசியாகப் பதிந்த முகவரி மட்டுமே.

இதன் விலையை 2008 ஏப்ரலில் கல்கரியில் ஒரு குடும்பம் கண்டது. குழந்தைக்குச் சுகமில்லை என்று இன்ரநெற் தொலைபேசியில் 911ஐ அழைத்தார்கள். அம்புலன்ஸ் அனுப்பப்பட்டது அவர்கள் முன்பு இருந்த மிசிசாகா முகவரிக்கு. குழந்தை இறந்துபோனது. இந்த நிறுவனங்கள் 911 வசதி தரவேண்டும், அதன் குறைபாடுகளை வாடிக்கையாளருக்குச் சொல்லவேண்டும் என்று சி.ஆர்.ரி.சி. 2005லேயே உத்தரவிட்டிருந்தது. ஆனால் வீடு மாறியதை நிறுவனத்துக்கு யார் சொல்வது? நாம்தான்.

எம்மவர்கள் வந்த புதிதில் எத்தனை தரம் வீடு மாறுகிறோம்! உறவினரின் பேஸ்மன்ற், பிறகு அப்பார்ட்மென்ட், பிறகு மார்க்கத்தில் ஒரு வீடு. சாரதி அனுமதிப்பத்திரத்தில் 6 நாட்களுக்குள் முகவரி மாற்றவேண்டும் என்பது ஒன்ராறியோ விதி என்பதால் ஓடிப்போய் மாற்றுகிறோம். தொலைபேசியை மறந்துவிடுகிறோம்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்ரீல்ஸ் வீதிக்குத் தெற்கே 911ஐ எடுப்பது ரொறன்ரோ பொலிஸ், வடக்கே யோர்க் பிராந்தியப் பொலிஸ். கெனடி, மக்கோவன், வோடன் வீதிகளோ இரண்டு பக்கமும் ஓடுகின்றன. "கெனடி ரோட்" என்று மட்டும் சொல்லாமல் "மார்க்கம்" என்றும் சேர்த்துச் சொல்ல அம்மா அப்பாவுக்குப் பழக்குங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "ரமில்" என்ற ஒரு சொல் போதும்; மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தவறுதலாக அழுத்திவிட்டால் பயந்து வைத்துவிடாமல், தவறுதலாக அழைத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

கடை, அலுவலகம் நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. 2013இல் ரெக்சஸில் ஒரு ஹோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது, ஒன்பது வயது மகள் நான்கு தரம் 911ஐ அழுத்தினாள். வெளி அழைப்புக்கு முதலில் 9 போடவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. தாய் உயிரிழந்தார். அந்த முன்னிலக்கம் இல்லாமலே 911 போகவேண்டும் என்று அமெரிக்காவில் 2018இல் சட்டம் வந்தது. உங்கள் இணைப்பகத்தை அமைத்தவரிடம் இதைக் கேளுங்கள். சோதிப்பதற்காக நீங்களே 911ஐ அடிக்கவேண்டாம். பதிந்த முகவரியை நிறுவனத்திடமே வாசித்துக்காட்டச் சொல்லலாம். இன்னொன்று, மின்சாரம் நின்றால் இன்ரநெற் பெட்டியும் நின்றுவிடும். சார்ஜ் போட்ட செல்போன் ஒன்று கட்டிலருகே இருக்கட்டும்.

தம்பி போன கையோடு எமது முகவரியை மாற்றினோம். ஐந்து நிமிடம் பிடித்தது.