சரக்கின் பெயர் யாருக்கு உரியது?

கடைக்குச் சென்று பண்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் வழக்கம் எவ்வாறு உண்டாயிற்று என்று ஆராய்வோர் சிலரே. சூசன் ஸ்ட்ராசர் என்னும் அமெரிக்கச் சரித்திர ஆசிரியை இதனை ஆராய்ந்து, 'திருப்திக்கு உத்தரவாதம்' என்று பொருள்படும் தலைப்பில் 1989-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அன்றாட வீட்டுச் சாமான்களே அதன் பொருள். விளைவிப்போரும் நெய்வோரும் அறியத்தக்க செய்திகள் இவ்வரலாற்றில் உள.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு மளிகைக் கடைகளில் மாவும் பிஸ்கோத்தும் பீப்பாய்களில் இருந்தன. கடைக்காரர் அள்ளி நிறுத்துக் கொடுப்பார். சரக்கின் தரத்திற்கு அவர் சொல்லே சாட்சி. பின்னர்ப் பெரிய ஆலைகள் தோன்றி, உற்பத்தி பெருகிற்று. பெருகிய சரக்கை விற்றாக வேண்டியதாயிற்று. 1898-ல் அமைந்த நேஷனல் பிஸ்கட் கம்பெனி, ஈரம் புகாத பெட்டியில் பிஸ்கோத்தை அடைத்து, 'யுனீடா' என்று பெயரிட்டு விற்கலாயிற்று. அப்பெயரைக் கேட்டு வாங்குமாறு விளம்பரம் மக்களைப் பழக்கிற்று. கடைக்காரரிடம் இருந்த நம்பிக்கை பெட்டியின் மேலுள்ள பெயருக்கு மாறிற்று.

பருத்திக்கொட்டையின் கதை இன்னும் வியப்பானது. ஒரு காலத்தில் பெரும்பாலும் கழிவாகக் கருதப்பட்ட கொட்டையினின்று எண்ணெய் எடுத்து, அதனை உறையச் செய்து, 1911-ல் 'கிரிஸ்கோ' என்ற பெயரில் பிராக்டர் அண்டு காம்பிள் கம்பெனியார் விற்பனைக்குக் கொணர்ந்தனர். பன்றிக்கொழுப்பும் வெண்ணெயும் கொண்டு சமைத்து வந்த மக்கள் இப்பொருளைக் கேட்டவர்களல்லர். பத்திரிகை விளம்பரங்களாலும், சமையற் புத்தகங்களாலும், செய்முறை விளக்கங்களாலும் அத்தேவை உண்டாக்கப்பட்டது. இவ்வாறு ஓரளவு உறைய வைத்த எண்ணெய்கள் இதயத்திற்குக் கேடு விளைப்பன என்று ஆராய்ச்சியாளர் பிற்காலத்தில் கண்டனர். அவற்றை உணவிற் சேர்ப்பது பாதுகாப்பானதென ஏற்பதற்கில்லை என்று அமெரிக்க அரசாங்கம் 2015-ல் முடிவு செய்தது. பெயரின் புகழ் வேறு, பொருளின் குணம் வேறு என்பதற்கு இது சான்று.

ஆயினும் பெயரின் பலன் முதலாளிகளுக்கே உரியதென்று எண்ண வேண்டுவதில்லை. தரகர்களால் நஷ்டமுற்ற கலிபோர்னியா ஆரஞ்சு விவசாயிகள் 1893-ல் ஒன்றுகூடி விற்பனைச் சங்கம் அமைத்தனர். 1907-ல் அயோவா மாநிலத்தில் விளம்பரம் செய்து பயன் கண்டனர். அடுத்த ஆண்டு 'சன்கிஸ்ட்' என்ற பெயரைத் தமதாக்கிக் கொண்டனர். பழங்களைத் தரம் பிரித்து, சிறந்தவற்றிற்கே அப்பெயர் பொறித்த மெல்லிய தாளைச் சுற்றினர். விளைச்சல் மிகுந்தபொழுது, பழத்தைப் பிழிந்து சாறாக அருந்துமாறு 1916-ல் விளம்பரம் செய்து புதிய தேவையைத் தோற்றுவித்தனர். இன்றும் அப்பெயர் விவசாயிகளின் கூட்டுறவு ஸ்தாபனத்திற்கே உரியதாக இருக்கிறது.

கிரிஸ்கோவின் பெயர் கம்பெனிக்கு உரியதாயிற்று. அதன் மூலப்பொருளான பருத்தியை விளைவித்தவர்க்கு அதில் பங்கில்லை. ஆரஞ்சு விவசாயிகளோ பழத்தோடு பெயரையும் தம் கையில் வைத்துக்கொண்டனர். அதற்கு அவர்கள் ஏற்ற நிபந்தனை ஒன்றுண்டு: தரம் குறைந்த பழத்திற்குச் சங்கத்தின் பெயர் கிடையாது. ஓர் அங்கத்தினர் அனுப்பும் மட்டமான சரக்கு அனைவருடைய பெயரையும் கெடுக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பொதுப்பெயரால் வாழ விரும்பும் எந்தச் சங்கமும் முதலில் இக்கட்டுப்பாட்டை ஏற்க வேண்டும்.