காப்பி இலையில் ஊரும் புழு இலையைத் தின்னாதது ஏன்?

நெல்லைக் கெடுக்கும் ஆனைக்கொம்பன் ஈயின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், மைக்கோடிப்ளோசிஸ் என்னும் சிற்றீயின் புழு செடியைத் தின்பதில்லை. 1869இல் இனங்காணப்பட்டு, பின்னர் இலங்கையின் காப்பித் தோட்டங்களையே அழித்த இலைத்துருப் பூஞ்சை போன்றவையே அதன் உணவு.

இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஆரஞ்சுத் தூளாகப் படிந்திருக்கும் வித்துகளை, அதாவது காற்றில் பரவிப் புதிய இலைகளில் முளைக்கும் நுண்துகள்களை, காலில்லாத அப்புழு ஊர்ந்தபடியே உண்கிறது. உண்ணப்பட்ட வித்து அடுத்த இலைக்குப் போகாது என்பதனாலேயே இவ்வுயிர் போற்றத்தக்கது.

அப்படியானால் நோய் ஏன் ஒழிவதில்லை? பூஞ்சையின் இழைகள் இலைக்குள்ளே பரவியிருக்க, புழு வெளியே உள்ள வித்துகளை மட்டுமே உண்பதால், வேரை விட்டு அறுத்த அரைக்கீரை மீண்டும் தழைப்பதுபோல், வித்துகள் மறுபடியும் வெளிப்படுகின்றன.